பேட்டையின் பெயரும் பேட்டையின் மக்களும்

விழா மலர் என்றால் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய நாள், மணிக்கூண்டு எழுந்த ஆண்டு, பணியாற்றிய குருக்களின் வரிசை ஆகியவை இடம்பெறுவது மரபு. அவை யாவும் இம்மலரின் பிற பக்கங்களில் உள்ளன. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களின் வரலாறு. பங்கு என்பது கல்லும் சுண்ணாம்பும் அன்று. மக்களே பங்கு என்பதை நாம் அடிக்கடி கேட்கிறோம். அம்மக்கள் வாழும் தெருக்களை அறியாமல் பங்கின் வரலாறு முழுமை பெறாது.

ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் இருக்கும். தாய் தந்தையர் பெயர் இருக்கும். ஞானத் தாய் தந்தையர் பெயரும் இருக்கும். ஆனால் அந்தக் குடும்பம் எதை நம்பி வடசென்னைக்குக் குடிவந்தது, பேரப்பிள்ளைகள் காலத்தில் ஏன் வேறு இடம் போயிற்று என்பதைப் பதிவேடு சொல்லாது. அதை நம் நகரத்தின் வரலாற்றிலிருந்துதான் அறிந்துகொள்ள வேண்டும்.

அந்த வரலாற்றைப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. வடசென்னையின் பேட்டைகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு தொழிலால் பிறந்தவை. தொழில் மாறும்போது மக்களும் மாறுகின்றனர். ஆனால் தொழிலும் மக்களும் ஒரே நாளில் மாறுவதில்லை. சில சமயம் தொழில் போய்விடுகிறது, மக்கள் நிற்கின்றனர். சில சமயம் மக்கள் அனுப்பப்படுகின்றனர், தொழில் பழைய இடத்திலேயே நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட குடும்பங்களின் பாடுதான் நம் பேட்டைகளின் உண்மையான வரலாறு.

கோட்டையும் துணியும்

1639-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இக்கடற்கரையில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே புனித ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியது. கம்பெனியார் இங்கு வந்தது துணிக்காக. துணி வேண்டுமென்றால் நெசவாளர் வேண்டும், சாயம் தோய்ப்பவர் வேண்டும், வெளுப்பவர் வேண்டும், கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் படகோட்டிகள் வேண்டும். இவர்கள் யாவரும் கோட்டைக்கு வடக்கே குடியேறினர். அவ்வூரை ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்தனர்.

வண்ணாரப்பேட்டை என்ற பெயர் அந்நாளில் கம்பெனித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் நினைவாக நிற்பது. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் கூவம் ஆற்றின் வளைவில் நெசவாளருக்கென்றே ஒரு பேட்டை உண்டாக்கப்பட்டது. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். இன்று அங்கே தறிச் சத்தம் இல்லை. பெயரில் மட்டும் தறி இருக்கிறது.

நம் நகரத்தில் ஏழை எளியோரின் வீடுகளை அகற்றுவது அண்மைக் காலத்துப் பழக்கம் என்று எண்ணுவோர் உண்டு. அது மிகப் பழையது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749-இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. கோட்டைச் சுவருக்கு அருகே வீடுகள் இருந்தால் பகைவர் மறைந்து நின்று தாக்க வசதியாகும் என்று கருதி, பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டது. மக்கள் இன்னும் வடக்கே, முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தனர். இந்த எல்லைக்குள் எவரும் வீடு கட்டலாகாது என்று 1773-இல் ஆறு தூண்கள் நாட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. வெறுமையாக்கப்பட்ட அந்த வெளியில்தான் 1892-இல் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. நாள்தோறும் பேருந்தில் அவ்வழியே போகும் நம்மில் எத்தனை பேர், இது ஒரு காலத்தில் மக்கள் நெருங்கி வாழ்ந்த ஊர் என்பதை எண்ணிப் பார்க்கிறோம்?

அந்தப் போரின் பயனைக் கத்தோலிக்கரும் அனுபவித்தனர். பிரெஞ்சுக்காரருக்கு உதவினர் என்ற ஐயத்தின் பேரில் கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் சபைக் குருக்களின் ஆலயம் இடிக்கப்பட்டது. அதன்பின் அர்மீனியன் தெரு ஆலயமே நகரக் கத்தோலிக்கருக்கு நடுவிடமாயிற்று. ஆலயமும் குடிகளைப் போலவே இடம்பெயர நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

புதிய கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுந்தது. மதிலின் செலவுக்கு வரி வாங்க எண்ணினர். வரி வசூலாகவில்லை, தெருவுக்கு வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் மிஞ்சியது என்பர். மதில் போயிற்று. யானைகவுனி என்ற வாயிலின் பெயர் இருக்கிறது. நாணயம் அடிப்பது நின்று ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் தங்கசாலை என்ற பெயர் இருக்கிறது. வேல்ஸ் இளவரசர் 1906-இல் வந்து சென்றபின் கறுப்பர் நகரம் என்ற பெயர் நீங்கி ஜார்ஜ் டவுன் ஆயிற்று. துணிக்கும் தானியத்திற்கும் கடை வைத்திருந்த தெலுங்கு வணிகரும் தமிழ் வணிகரும் இருந்த தெருக்களுக்குக் குஜராத்தியரும் மார்வாரிகளும் வந்தனர். சௌகார்பேட்டையில் இன்று நாம் கேட்கும் பேச்சே அதற்குச் சான்று.

படகோட்டிகளின் கரை

இராயபுரத்தின் பெயருக்கு நாம் தனி விளக்கம் தேட வேண்டியதில்லை. இராயப்பர் என்றால் யார் என்பதைக் கத்தோலிக்கக் குடும்பத்துக் குழந்தையும் அறியும். மீன்பிடித் தொழிலிலிருந்து அழைக்கப்பட்ட அப்போஸ்தலரின் பெயரால் கடற்கரைக் கிறிஸ்தவர்கள் தம் ஊரை அழைத்தனர் என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே எழுந்த புனித இராயப்பர் ஆலயம் படகோட்டிகள் தம் உழைப்பால் கட்டியது.

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்க்க மசூலாப் படகுகளே கதி. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினால் பலகை வளைந்து கொடுக்கும், உடையாது. கவர்னரானாலும் சரி, அவருடைய பெட்டி படுக்கையானாலும் சரி, நம் படகோட்டிகளின் கையை நம்பித்தான் கரை சேர வேண்டும்.

1875-இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881-ஆம் ஆண்டுப் புயல் கட்டிய சுவர்களை உடைத்தது. மீண்டும் கட்டினர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர் துறைமுக வாயிலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றிச் சீர்செய்தார். கப்பல் நேரே கரையை அணைத்து நின்றது. மசூலாப் படகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. படகு வலித்த கைகள் துறைமுகத்தில் மூட்டை தூக்கின. எஞ்சியவர் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போயினர்.

இதோடு முடிந்திருந்தால் தொழில் மாற்றம் என்று சொல்லிவிடலாம். கடலும் மாறியது. நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். துறைமுகத்தின் சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து, கிராண்ட் டஃப் கவர்னராக இருந்த 1880-களில் உலாச்சாலை அமைத்து 'மெரீனா' என்று பெயரிட்ட கரை, இன்றைய பரந்த கடற்கரையாக விரிந்தது. வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் வராததால் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. குப்பங்களின் வீடுகளும் வலை உலர்த்திய மணலும் கடலுக்குள் போயின. பாறாங்கற்களைக் கொட்டிக் கடலைத் தடுக்க வேண்டியதாயிற்று. நகரமெல்லாம் மாலையில் காற்று வாங்கப் போகும் மெரீனா மணல், ஒரு கணக்கில், வடசென்னை மீனவர் இழந்த மணலே எனின் மிகையாகாது.

இரயிலும் மில்லும்

1856-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் கவர்னர் ஹாரிஸ் பிரபு இராயபுரம் இரயில் நிலையத்தைத் திறந்து வைத்தார். தென்னிந்தியாவின் முதல் இரயில் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது அதுவே. 1873-இல் சென்ட்ரல் வந்தது. 1908-இல் எழும்பூர் வந்தது. பெருவண்டிகள் அங்கே போய்விட, இராயபுரம் சரக்கு வண்டிகளின் நிலையமாயிற்று.

இரயில் போட்ட விதை பெரம்பூரில் முளைத்தது. பட்டறைகள் எழுந்தன. இரயில்வேக் குடியிருப்புகள் வரிசையாக வந்தன. எஞ்சின் ஓட்டுநர், கார்டு, மேஸ்திரி என ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பெரம்பூரிலும் வேப்பேரியிலும் இராயபுரத்திலும் நிறைந்தன. பாடற்குழுவில் ஆர்கன் வாசித்தவர்களும், பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியைகளும், கிறிஸ்துமஸ் கேக்கும் அவர்களால் நம் தெருக்களுக்கு வந்த செல்வங்கள். 1947-க்குப் பின் அவர்களுள் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் சென்றனர். அவர்கள் விட்டுப்போன வீடுகளுக்கு வேறு குடும்பங்கள் வந்தன. 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பிரதமர் நேரு பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கி வைத்தார். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஆட்கள் வந்து அயனாவரம், வில்லிவாக்கம் பகுதிகளை நிரப்பினர். நாட்டின் முதல் வந்தே பாரத் வண்டியும் 2018-இல் அங்கேதான் உருவாயிற்று. ஒரு தொழில் நிலைத்து நின்றால் ஒரு பேட்டை எப்படித் தழைக்கும் என்பதற்கு அது நல்ல சான்று.

தொழில் நிலைக்காவிட்டால் என்னவாகும் என்பதற்கும் அதே பெரம்பூர் வட்டாரத்தில் சான்று உண்டு. 1870-களில் பக்கிங்காம் மில்லும், அடுத்து கர்நாடிக் மில்லும் தொடங்கப்பட்டன. 1920-இல் இரண்டும் ஒன்றாயின. 'பி அண்டு சி மில்' என்றாலே போதும், முகவரி வேண்டாம். பின்னி காக்கித் துணி நாடெங்கும் சீருடையாயிற்று. செங்கற்பட்டு, வட ஆற்காடு, நெல்லூர்ப் பக்கங்களிலிருந்து பஞ்சத்திற்கும் கடனுக்கும் தப்பி வந்த ஆயிரக்கணக்கானோருக்கு அந்த மில் சோறு போட்டது. புளியந்தோப்பு, ஓட்டேரி, சூளை ஆகிய இடங்கள் மில்லின் சங்கொலியைக் கேட்டே எழுந்தன, உண்டன, உறங்கின.

1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைவராகவும், திரு. வி. க. துணை நின்றும் நடத்திய அச்சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனப் போற்றப்படுகிறது. இது நமக்குப் பெருமை. ஆனால் பெருமையை மட்டும் எழுதினால் வரலாறு ஆகாது. 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது, ஆதி திராவிடரும் இந்தியக் கிறிஸ்தவருமான தொழிலாளர் பெரும்பாலும் வேலைக்குச் சென்றனர். பிறர் வெளியே நின்றனர். இதனால் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் தாக்கினர், உயிர்கள் போயின. கூலி கேட்ட போராட்டம் சாதிப் பகையாயிற்று. ஒரே சங்கொலிக்கு எழுந்தவர்கள், ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் இவ்வாறு பிரிந்தது நம் பகுதியின் ஆறாத வடு. வேலை போய்விடுமோ என்ற அச்சம் வரும்போது அக்கம்பக்கத்து உறவு எவ்வளவு எளிதில் அறுந்துவிடும் என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

அந்த மில் 1996-இல் மூடப்பட்டது. அதே 1996-இல் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில்தான் நகரின் அதிகாரப்பூர்வப் பெயரும் மெட்ராஸ் என்பதிலிருந்து சென்னை ஆயிற்று. பெயர் மாறியதைப் பற்றி ஏடுகள் நிறைய எழுதின. மில் வாசலில் சங்கு நின்றதையும், சாவடியில் மூட்டை சுமந்தவர் தலைச்சுமையோடு கோயம்பேட்டுக்கு எப்படிப் போய்த் திரும்புவது என்று திகைத்ததையும் பற்றி எழுதியோர் குறைவு. மில்லின் பாழடைந்த கூடங்களில் பல காலம் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. பின்னர் அவ்விடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அவற்றில் குடிபுகுவோர் மில்லில் உழைத்தவரின் பிள்ளைகளாக இருப்பது அரிது.

வந்தவரும் அனுப்பப்பட்டவரும்

1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. தொடர்ந்து கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினர். அவர்களுள் பலர் வியாசர்பாடி முதலிய வடசென்னைப் பகுதிகளில் குடியமர்ந்தனர். கடற்கரை இரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் பர்மா பஜார் தோன்றியது. அவர்கள் கொண்டுவந்த 'அத்தோ' இன்று நம் பிள்ளைகள் விரும்பி உண்ணும் பண்டம். ஏதுமின்றி வந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் நம்மில் ஒருவராயினர்.

மக்கள் பெருகினர். 1901-இல் சுமார் 5 இலட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 1951-இல் 14 இலட்சத்தைக் கடந்தது. 1981-இல் 32 இலட்சத்திற்கும் மேல். வீடு பெருகவில்லை, குடிசை பெருகியது. கோடையில் தீ, மழையில் வெள்ளம் என்பது குடிசைவாசிகளின் ஆண்டுக் கணக்கு. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. தொடக்க காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அருகிலேயே, மாடி வீடுகள் கட்டித் தருவதே நோக்கம். வீடு மாறியது, வேலையும் பள்ளியும் கோவிலும் கடையும் மாறவில்லை. அதனால் அக்குடும்பங்கள் வேரூன்றின.

பிற்காலத்தில் இந்த வழி கைவிடப்பட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகரும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியும், பின்னர் பெரும்பாக்கமும் நகரின் தென்கோடியில் எழுந்தன. ஆற்றோரமும் கடலோரமும் இருந்த குடும்பங்கள் அங்கே அனுப்பப்பட்டன. இராயபுரத்திலிருந்து கண்ணகி நகர் இருபது கிலோமீட்டருக்கும் மேல். வீடு கிடைத்தது உண்மை. கூரை ஒழுகாது என்பதும் உண்மை. ஆனால் மீன் ஏலம் விடியற்காலையில் காசிமேட்டில்; வீட்டு வேலை செய்யும் வீடுகள் பழைய தெருவில்; பிள்ளைகளின் பள்ளி பழைய தெருவில். மில் மூடியபோது தொழில் போய் மக்கள் நின்றனர். இங்கே மக்கள் போய்த் தொழில் நின்றது. முன்னதில் வயிறு காய்ந்தது. பின்னதில் வழிப்பயணமே வாழ்வாயிற்று. பாதிரியார் வீடு சந்திக்கப் போகும்போது பூட்டிய கதவுகளைக் காண்பதும், பண்டிகைக்கு மட்டும் பழைய முகங்கள் பழைய ஆலயத்தில் தோன்றுவதும் இதன் விளைவே.

நம் கடமை

2011-இல் திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் ஆகியவை மாநகராட்சியோடு சேர்ந்தன. நகரின் பரப்பு 174-இலிருந்து 426 சதுர கிலோமீட்டராயிற்று. 2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் வண்ணாரப்பேட்டையைக் கடந்து விம்கோ நகர் வரை நீண்டது. இரயில் வரும் இடத்தில் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் யார் வெளியேறுவர் என்பதைக் கோட்டை காலத்திலிருந்து நாம் கண்டு வருகிறோம். அதே வேளையில் பீகார், ஒடிசா, வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வந்து கட்டட வேலையிலும் உணவு விடுதிகளிலும் கிடங்குகளிலும் உழைக்கின்றனர். ஓர் அறையில் பலராகத் தங்குகின்றனர். நெல்லூரிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் நம் பாட்டன்மார் வந்தபோதும் அவ்வாறே தங்கினர்.

ஆகவே மாற்றத்தைக் கண்டு அழுவதும், மாற்றத்தை எல்லாம் முன்னேற்றம் என்று கொண்டாடுவதும் நமக்குத் தகா. மாற்றத்தால் யாருக்கு மணல் சேர்ந்தது, யாருடைய கரை அரிக்கப்பட்டது என்று கேட்பதே நமக்குத் தகும். நகரத்தின் போக்கை ஒரு பங்கு தனியே மாற்றிவிட முடியாது. ஆயினும் நம்மால் ஆகக்கூடியவை சில உண்டு.

தொலைவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பெயர்களை நாம் ஏட்டிலிருந்து அடித்துவிடாமல், அவர்கள் குடியேறிய இடத்துப் பங்கோடு தொடர்பு கொண்டு அவர்களை ஒப்படைக்க வேண்டும். பழைய தெருவுக்கு வேலைக்கு வரும் தாய்மாரின் பிள்ளைகள் பள்ளி விட்டபின் தங்க இடம் வேண்டும். புதிதாய் வந்த வடநாட்டு இளைஞர்களுக்கு நோய் வந்தால் மருத்துவமனைக்கு உடன் செல்ல ஆள் வேண்டும். நம் முதியோர் உள்ளபோதே, அவர்கள் எந்த மில்லில், எந்தப் பட்டறையில், எந்தப் படகில் உழைத்தனர் என்பதை எழுதி வைக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை, ஆள் தேவை.

அடுத்த விழா மலரை எழுதப்போகும் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வண்ணாரப்பேட்டை வண்ணாரப்பேட்டையாகவே இருக்கும். இராயபுரம் இராயபுரமாகவே இருக்கும். பெயரைக் காக்க யாரும் பாடுபட வேண்டியதில்லை. அது தானே நிற்கும். தானே நிற்காதது அக்கம்பக்கத்து உறவு. அதைக் காக்கும் பொறுப்பை நம் முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்றுள்ளனர்.